சிவக்காத கண்

எங்கள் வீட்டுக் கூடத்தில் தினசரி காலண்டர் ஒன்று தொங்கும். காலையில் எழுந்ததும் அப்பாதான் தாளைக் கிழிப்பார். கிழித்துவிட்டு நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் என்று தொடங்கி, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ராசிபலன் வரை உரக்க வாசிப்பார். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர் அப்பா. எழுத்தைப் பார்த்தால் வாசிக்காமல் இருக்க முடியாது. இரண்டு வருடமாக அந்த வாசிப்பு நின்றுபோயிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை.

2024 ஆகஸ்டில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தோம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் எதிரில் நின்ற செவிலியரின் பெயர் அட்டையை எழுத்துக்கூட்டாமல் படித்தார். மூன்றாம் நாள் காலையில் காலண்டர் தாளைக் கிழித்து ராசிபலன் வரை முழுக்க வாசித்தார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்று கேட்டார்.

ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் என் மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, இத நீ படிம்மா" என்றார். பேத்தியின் குரலில் கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாலு நாள் கழித்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இந்தக் கம்பி நடுவுல வளைஞ்சிருக்கா?" என்று கேட்டார். கம்பி நேராகத்தான் இருந்தது.

அவர் கண்ணை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. சிவப்பு இல்லை, பீளை இல்லை, நீர் வடியவில்லை. "வலி இருக்கா அப்பா?" என்றேன். "துளி வலி இல்ல. கண்ணாடி மாத்தணுமா இருக்கும், விடு" என்றார். நானும் விட்டுவிட்டேன், இன்னொரு வாரத்துக்கு. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கனக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அப்பாவைப் போலச் சர்க்கரை உள்ளவர்களின் வீட்டில் கண்புரை ஆபரேஷன் நடக்கப்போகிறது என்றால், அந்த வீட்டில் யாராவது ஒருவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தஞ்சாவூரில் விழித்திரை மருத்துவர் ஒருவரிடம் போனோம். விழித்திரை என்று எழுதுகிறோம், ஆனால் மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "நரம்பு டாக்டர்" என்றுதான் சொல்கிறார்கள். அவர் ஓசிடி என்கிற ஸ்கேன் எடுத்தார். ஊசி இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை. தாடையை வைத்து ஒரு வெளிச்சப் புள்ளியைப் பார்த்தால் போதும். விழித்திரையைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தது போல ஒரு படம் வருகிறது. கூர்மையாகப் பார்க்கும் நடு இடத்தை மாக்குலா என்கிறார்கள். நல்ல கண்ணில் அதன் மையத்தில் ஒரு சிறு பள்ளம் தெரியும். அப்பாவின் படத்தில் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் மேடு இருந்தது. மேட்டுக்குள் கறுப்புக் கறுப்பாகக் குமிழ்கள். 250 மைக்ரான் வாக்கில் இருக்க வேண்டிய தடிமன் 460 காட்டியது. 1000 மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய இடத்தில் அவ்வளவு சிறிய வீக்கம் ஒரு மனிதரின் வாசிப்பை நிறுத்திவிடுகிறது.

"நரம்புல நீர் கோத்திருக்கு" என்றார் மருத்துவர். அப்புறம் என்னைப் பார்த்து, "சொட்டு மருந்து எத்தனை நாள் போட்டீங்க?" என்றார்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நடந்தது இதுதான். சீட்டில் இரண்டு மருந்து எழுதியிருந்தார்கள். ஒன்று ஸ்டீராய்டு சொட்டு, வாரத்துக்கு ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டே ஆறு வாரம் போட வேண்டியது. இன்னொன்று ஸ்டீராய்டு இல்லாத அழற்சி எதிர்ப்புச் சொட்டு. அந்த இரண்டாவது மருந்து எங்கள் ஊர் மெடிக்கல் கடையில் இல்லை. "அது வலிக்குத்தாங்க்கா, வலி இல்லன்னா வேணாம்" என்றார் கடையில் இருந்த பையன். அப்பாவுக்கு வலி இல்லை, எனவே வாங்கவில்லை. முதல் புட்டியும் பதினெட்டு நாளில் தீர்ந்தது. கண் வெள்ளையாக இருந்தது, பார்வை பளிச்சென்று இருந்தது, அடுத்த புட்டி யாரும் வாங்கவில்லை. சீட்டு ஃபிரிட்ஜ் மேல் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

மருத்துவர் கோபப்படவில்லை. "ஒழுங்கா போட்டிருந்தாலும் சிலருக்கு இது வரும். போடாம விட்டா வர வாய்ப்பு அதிகம்" என்று மட்டும் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் நரம்பை ஸ்கேன் பண்ணினார்களா என்று கேட்டார். அதுவும் இல்லை.

இந்த வீக்கம் புதிதாகக் கண்டுபிடித்த நோயும் இல்லை. 1953இல் இர்வின் என்கிற அமெரிக்கக் கண் மருத்துவர், புரை எடுத்த பிறகு சிலருக்கு நன்றாக வந்த பார்வை வாரங்கள் கழித்து மங்குவதை எழுதிவைத்தார். 1966இல் காஸ், நார்ட்டன் என்ற இருவர் ரத்தக் குழாயில் சாயம் ஏற்றிக் கண்ணைப் படம் எடுத்து, நீர் எங்கே தேங்குகிறது என்று காட்டினார்கள். பூவிதழ் விரிந்த மாதிரி அந்தக் கசிவு தெரியும். இர்வின்-காஸ் என்றே இதற்குப் பெயர். பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து நாலாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் தலைகாட்டும். அதாவது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்து, உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய், வீடு பழைய கதிக்குத் திரும்பிய பிறகு.

ஏன் வருகிறது என்று மருத்துவர் சொன்னதை நான் எங்கள் ஊர்ப் பாஷையில் இப்படிப் புரிந்துகொண்டேன். இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கண்ணில் கீறுகிறார்கள். அதன் வழியாகப் பழைய லென்சை அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். எவ்வளவு நாசூக்காகச் செய்தாலும் கண்ணுக்கு அது காயம்தான். காயம் பட்ட இடத்தில் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அடிபட்ட விரல் வீங்குவதற்கும் அது ஒரு காரணம். கண்ணின் முன்பக்கம் சுரக்கும் அது மெல்லப் பின்னால் இறங்கி விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. குழாயிலிருந்து நீர் கசிந்து, நடுப்பகுதியில் இழைகள் தளர்வாகப் படர்ந்திருக்கும் இடத்தில் போய்த் தேங்குகிறது.

சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இந்தக் கசிவு கொஞ்சம் உண்டு, தானாக வடிந்துவிடும். பத்தொன்பது வருடச் சர்க்கரைக்காரரின் ரத்தக் குழாய் வேறு. எங்கள் பக்கம் வயலில் வரப்பு பார்க்க முழுசாக இருக்கும், உள்ளே நண்டு வளை விழுந்திருக்கும். சாதாரணத் தண்ணீருக்கு அது தாங்கும். ஆற்றில் முறைத் தண்ணீர் வந்த அன்றைக்கு அந்த வளை வழியாகத்தான் பீறிடும். சர்க்கரை வருடக்கணக்காகக் குழாய்ச் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் செல்களைத் தின்றுவைத்திருக்கிறது. ஆபரேஷன் தருகிற அழற்சி அங்கே வந்து மோதும் தண்ணீர்.

இது வெறும் உவமை இல்லை, கணக்கும் இருக்கிறது. இங்கிலாந்தில் 81,984 கண்களின் ஆபரேஷன் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். சர்க்கரையும் வேறு ஆபத்துக் காரணிகளும் இல்லாதவர்களில் 1.17 சதவீதம் பேருக்கு இந்த வீக்கம் வந்திருந்தது. சர்க்கரை உள்ளவர்களில் 4.04 சதவீதம். விழித்திரையில் சர்க்கரையின் சேதம் எதுவும் தெரியாதவர்களுக்குக்கூட மற்றவர்களைவிட 1.8 மடங்கு ஆபத்து. சேதம் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. நூற்றில் நாலு பேர்தானே என்று தோன்றலாம். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. அவர்களில் வயதானவர்களுக்குப் புரை வந்தே தீரும், சர்க்கரை இருந்தால் சீக்கிரமே வரும். அந்த நாலு, எவ்வளவு பெரிய நாலு என்று பாருங்கள்.

சாயம் ஏற்றும் சோதனை அப்பாவுக்கும் செய்தார்கள். கையில் ஊசி வழியாக மஞ்சள் சாயம். மறுநாள் வரை சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சர்க்கரையினாலேயே விழித்திரையில் வரும் வீக்கமா, ஆபரேஷனால் வந்ததா என்று பிரித்துப் பார்க்கத்தான் அது. முன்னதற்குக் கண்ணுக்குள் ஊசி போட வேண்டியிருக்கும், பின்னதற்குப் பெரும்பாலும் சொட்டு மருந்தே முதல் வைத்தியம். அப்பாவுக்குப் பார்வை நரம்பின் தலைப்பகுதியிலும் சாயம் கசிந்திருந்தது. ஆபரேஷனால் வந்ததுதான் என்றார் மருத்துவர். ஸ்டீராய்டு சொட்டு ஒன்று, ஸ்டீராய்டு இல்லாதது ஒன்று, இரண்டையும் சேர்த்து மூன்று மாதத்துக்கு மேல் போட்டோம். நடுவில் ஸ்டீராய்டினால் கண் அழுத்தம் 24க்கு ஏறியது. அதைக் குறைக்க மூன்றாவது ஒரு சொட்டு. 2025 ஜனவரியில் தடிமன் 280க்கு இறங்கியது. எழுத்து திரும்பத் தெரிந்தது. ராசிபலன் மட்டும் இல்லை.

அந்த மாதங்களில் நான் அடிக்கடி யோசித்தது எங்கள் வீட்டுப் பத்தியத்தைப் பற்றி. ஆபரேஷன் முடிந்த அன்றே அத்தை வந்துவிட்டார், அப்பாவின் அக்கா. நாற்பது நாளைக்குக் கோழி கூடாது, கருவாடு கூடாது, பூசணி கூடாது, கத்தரிக்காய் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது. சீழ் பிடித்துவிடும் என்பார். ஒரு நாள்கூட யாரும் மீறவில்லை. கத்தரிக்காயை அவ்வளவு கறாராக நிறுத்திய அதே வீட்டில் மருந்து பதினெட்டாம் நாள் நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. இன்னொரு பக்கம், பார்க்க வந்தவர்கள் எல்லாம் பழமும் சத்துமாவும் ஊட்டபானமும் கொண்டுவந்தார்கள். புலால் இல்லாத சாப்பாட்டில் தெம்பு வர வேண்டுமென்று அம்மா சோறு கூடுதலாகப் போட்டார். சர்க்கரை அளவு அந்த மாதத்தில்தான் எகிறியது. அத்தைமேல் எனக்குக் கோபம் கிடையாது. தம்பிக்குக் கண் திரும்ப வேண்டும் என்று அவர் எண்பது வயதில் பஸ் ஏறி வந்தவர். அவருக்குத் தெரிந்த காவல் அது. அந்தக் காவலை மருந்துப் பக்கம் திருப்பிவிட வேண்டியது என் வேலையாக இருந்தது. நான் செய்யவில்லை.

ஒன்றை மட்டும் அன்றும் தடுத்தேன். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றினால் குளிர்ச்சி என்று அத்தை பறித்து வந்தார். ஆறாத கீறல் உள்ள கண்ணில் பூவோ, தாய்ப்பாலோ, பன்னீரோ, தேனோ எதுவும் படக் கூடாது. கிருமி உள்ளே போக அந்த வழி போதும்.

கிருமி என்றதும் இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் வரும் அழற்சி எல்லாம் ஒன்றில்லை. நான் சொல்லிக்கொண்டிருப்பது கிருமி இல்லாத, சத்தமில்லாத வீக்கம். கண்ணுக்குள் கிருமித் தொற்று என்பது வேறு. அது பெரும்பாலும் முதல் சில நாட்களில், முதல் வாரத்துக்குள் வரும். கண் சிவக்கும், வலி கூடிக்கொண்டே போகும், பார்வை மளமளவென்று குறையும், இமை வீங்கும். அப்படி என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்கு ஓட வேண்டும், ஒரு நாள் தாமதத்தில் கண்ணே போய்விடலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்தும் சற்று அதிகம். இதைத் தடுப்பதில் நம் பக்கத்து ஆட்கள் செய்த வேலை பெரியது. 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஆபரேஷன் முடியும் நேரத்தில் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 6 லட்சம் ஆபரேஷன்களின் கணக்கைப் பார்த்தபோது தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக இறங்கியிருந்தது. பத்தாயிரம் பேரில் ஏழு பேராக இருந்தது இரண்டு பேராயிற்று.

சரி, இடது கண்ணுக்கு வருகிறேன். 2025 ஜூனில் செய்தோம். இந்த முறை ஆபரேஷனுக்கு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்கினோம்.

முதல் வேலை, நரம்பைப் பார்ப்பது. புரை முற்றட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. சர்க்கரை உள்ளவருக்கு அது தப்பு. புரை முற்றினால் பின்னால் இருக்கும் விழித்திரையை மருத்துவரால் பார்க்க முடியாது, ஸ்கேனும் தெளிவாக விழாது. லென்சும் கெட்டியாகிவிடும், உடைக்க அதிர்வு அதிகம் வேண்டும், அதற்கேற்ப அழற்சியும் கூடும். ஏற்கெனவே விழித்திரையில் வீக்கமோ, கசியும் குழாய்களோ இருந்தால் பொதுவாக முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் புரையில் கைவைக்கிறார்கள். அப்பாவின் இடது கண்ணில் அங்கங்கே சின்ன ரத்தப் புள்ளிகள் இருந்தன, நடுவில் நீர் இல்லை. தடிமன் 248. அந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். பின்னால் எதோடு ஒப்பிடுவது என்று தெரிய வேண்டும் அல்லவா? வலது கண்ணுக்கு அப்படி ஒரு பழைய படமே இல்லாமல் போயிற்று.

இரண்டாவது சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனையில் 9.1 இருந்தது. ஒரே வாரத்தில் ஊசி போட்டு இறக்கிவிடலாமே என்று தம்பி கோயம்புத்தூரிலிருந்து போனில் கேட்டான். சர்க்கரை மருத்துவர் வேண்டாம் என்றார். வருடக்கணக்காக உயரத்தில் இருந்த சர்க்கரையைத் திடீரென்று கீழே தள்ளினால் விழித்திரைச் சேதம் கொஞ்ச காலத்துக்கு மோசமாகக்கூடும். எனவே மெதுவாக, மூன்று மாதத்தில் 7.6க்குக் கொண்டுவந்தோம். ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். புரை ஒன்றும் ஓடிப்போகாது, மூன்று மாதம் பொறுக்கும்.

மூன்றாவது, மருந்து. ஸ்டீராய்டு இல்லாத சொட்டை ஆபரேஷனுக்கு முந்தின நாளிலிருந்தே போடச் சொன்னார்கள். காயம் படும் முன்பே மருந்து கண்ணில் இருந்தால் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பது தொடக்கத்திலேயே மட்டுப்படும். அப்பாவுக்குக் கொடுத்தது நெபாஃபெனக். விழித்திரைச் சேதம் உள்ள 263 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2012இல் வந்தது. மருந்தில்லாச் சொட்டு போட்டவர்களில் 16.7 சதவீதம் பேருக்கு வீக்கம் வந்தது, நெபாஃபெனக் போட்டவர்களில் 3.2 சதவீதம் பேருக்குத்தான். இரு தரப்பும் ஸ்டீராய்டும் போட்டுக்கொண்டவர்கள்தான். கடைப் பையன் வலி மருந்து என்று சொன்னாரே, அந்த வகை மருந்துதான் இது. அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, வலிக்கும் அதைக் கொடுப்பார்கள். ஆனால் சர்க்கரைக்காரரின் கண்ணில் அது பார்க்கும் முக்கியமான வேலை வேறு.

ஐரோப்பாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த பெரிய ஆய்வு 2018இல் வெளியாயிற்று. சர்க்கரை இல்லாத 914 பேரில் ஸ்டீராய்டு மட்டும் போட்டவர்களில் 5.1 சதவீதம், மற்ற வகை மட்டும் போட்டவர்களில் 3.6 சதவீதம், இரண்டும் போட்டவர்களில் 1.5 சதவீதம் பேருக்கு வீக்கம். ஒன்று போதும் என்று நாமாக இன்னொன்றை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும். அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் சர்க்கரை உள்ள 213 பேர். எல்லாருக்கும் இரண்டு சொட்டும் உண்டு, அதோடு சிலருக்குக் கண்ணின் வெண்படலத்துக்கு அடியில் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. அந்த ஊசி போட்ட யாருக்கும் வீக்கம் வரவில்லை. ஆனால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறியது. எனவே எல்லாருக்கும் போடும் ஊசி இல்லை அது. அப்பாவுக்கு ஏற்கெனவே அழுத்தம் ஏறிய வரலாறு இருந்ததால் வேண்டாம் என்று விட்டார்கள்.

மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு இல்லாத இந்தச் சொட்டு பார்வை சீக்கிரம் திரும்ப உதவும், ஆனால் மாதங்கள் கழித்துப் பார்த்தால் போட்டவருக்கும் போடாதவருக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் நிரூபணமாகவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ஆறுதலாகத் தோன்றவில்லை. எழுபத்திரண்டு வயதில் நாலு மாதம் வாசிக்காமல் உட்கார்ந்திருந்த மனிதரை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சீக்கிரம் என்பது அந்த வயதில் சின்ன விஷயம் இல்லை.

இதற்காக யாரும் தாமாகக் கடையில் வாங்கிப் போட்டுவிடவும் கூடாது. ஸ்டீராய்டு இல்லாத சொட்டை அளவுக்கு மீறி, கணக்கு மீறிப் போட்டால் கருவிழி கரைந்து ஓட்டை விழும் ஆபத்து உண்டு. அரிதுதான், ஆனால் கண் வறட்சி உள்ளவர்களுக்கும், முடக்குவாதம் உள்ளவர்களுக்கும், சர்க்கரைக்காரர்களுக்கும் அந்த எச்சரிக்கையைத் தனியாகச் சொல்கிறார்கள். ஸ்டீராய்டை மேற்பார்வை இல்லாமல் நீட்டினால் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு பட்டுப்போகும். போன தடவை மிச்சம் இருந்த புட்டியைத் தேடி எடுத்துப் போடுவதும் அப்படித்தான்.

இப்போது புட்டியை எப்படிப் போடுவது என்பதற்கு வருகிறேன். இதை யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. கனடாவில் புரை ஆபரேஷன் முடிந்த 54 பேரைச் சொட்டு போடச் சொல்லி மருத்துவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள், 2014இல் வெளியான ஆய்வு. 92.6 சதவீதம் பேர் தப்பாகப் போட்டார்கள். பாதிக்கு மேல் புட்டியின் மூக்கைக் கண்ணிலோ இமையிலோ இடித்தார்கள், மூன்றில் ஒருவருக்குச் சொட்டு கண்ணிலேயே விழவில்லை. அப்பாவும் அப்படித்தான். முதல் தடவை அவரே போட்டுக்கொண்டார், பாதி கன்னத்தில் வழிந்தது. பதினெட்டு நாளில் புட்டி தீர்ந்ததே, அதற்கு இதுவும் காரணம்.

இரண்டாம் தடவை நானே போட்டேன். சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு, அப்பாவை ஈசிசேரில் சாய வைப்பேன். பால் மாதிரிக் கலங்கலாக இருக்கும் மருந்தை நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து அடியில் தங்கித் தண்ணீர்தான் மேலே வரும். கீழ் இமையைக் கன்னத்தோடு சேர்த்து இழுத்தால் சின்னப் பை மாதிரி ஒரு இடம் கிடைக்கும். அதில் ஒரே ஒரு சொட்டு. கண்ணுக்கு அதற்குமேல் கொள்ளாது, இரண்டாவது சொட்டு வழிந்துதான் போகும். புட்டியின் மூக்கு எதிலும் படக் கூடாது. கண்ணை மெல்ல மூடச் சொல்லி, மூக்கோரத்தில் விரலால் லேசாக இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்வது. இல்லையென்றால் மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். அடுத்த மருந்துக்கு முன் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். திறந்து ஒரு மாதம் ஆன புட்டியில் மருந்து மிச்சம் இருந்தாலும் புதுசு வாங்கினோம்.

இரண்டு மருந்துக்கும் கணக்கு வேறு வேறு என்பதுதான் பெரிய குழப்பம். ஸ்டீராய்டு முதல் வாரம் ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, அப்புறம் நாலு என்று இறங்கும். மற்றது ஒரு நாளைக்கு மூன்று வேளையாக அறுபது நாள் அப்படியே போகும். யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? அப்பாதான் வழி சொன்னார். "காலண்டர எடு" என்றார். அறுபது நாள் தாள்களிலும் முன்கூட்டியே ஸ்டீராய்டுக்குச் சிவப்பு மையில் கோடுகள், மற்றதற்கு நீலம். ஒவ்வொரு வேளை போட்டதும் ஒரு கோட்டை என் மகள் அடிப்பாள். கணக்கு எழுதிய கை அல்லவா, தினம் ராத்திரி அப்பா ஒரு கண்ணால் பார்த்து அந்த நாளின் கோடுகளைச் சரிபார்த்துவிட்டுத்தான் படுப்பார். அத்தைக்கும் ஒரு வேலை கொடுத்தேன். பத்தியத்தில் மருந்தையும் சேர்த்துவிட்டேன். மதியம் இரண்டு மணிச் சொட்டு அவர் பொறுப்பு. ஒரு நாள்கூடத் தவறவில்லை. யாராவது பழக்கூடையோடு வந்தால், "சக்கரைக்காரனுக்கு இதெல்லாம் எதுக்கு, ரெண்டு கொய்யாக்கா கொண்டாந்திருக்கலாம்ல" என்று கேட்கவும் தொடங்கிவிட்டார்.

தினம் காலையில் இன்னொரு காரியமும் செய்தோம். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மற்றதால் ஜன்னல் கம்பியைப் பார்ப்பது. அப்புறம் மாற்றி. இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். முதல் தடவை அப்பாவுக்கு மங்கலைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கம்பி வளைகிறதா, நடு எழுத்து மட்டும் கரைகிறதா, சிவப்பு நிறம் வெளிறித் தெரிகிறதா என்று கேட்பேன். "நேராத்தான் இருக்கு, போ" என்பார்.

ஆறாவது வாரம் ஸ்கேனுக்குப் போனோம். முதல் ஆபரேஷனில் ஒரு மாதத்தோடு கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், மறுபடி வரச் சொல்லவில்லை. ஆறாவது வாரம் ஒரு ஸ்கேன் வேண்டும் என்று சர்க்கரை உள்ளவர்கள் நாமே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. தாடையை வைத்து அப்பா புள்ளியைப் பார்த்தார். திரையில் படம் விழும்போது நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நடுவில் பள்ளம் பள்ளமாகவே இருந்தது. 261. மருத்துவர் ஜூனுக்கு முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அழுத்தம் 17. நீலக் கோடு மிச்சம் இருக்கும் நாளுக்கும் போட்டு முடித்துவிடுங்கள் என்றார்.

முடித்தோம். அந்த அறுபது தாள்களையும் அம்மா குப்பையில் போடவில்லை, துணி தைக்கும் பெட்டிக்குள் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார். இப்போது காலையில் அப்பா இடது கண்ணால் ராசிபலன் வரை வாசிக்கிறார். சில நாள் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் முயன்று பார்ப்பார். எமகண்டம் வரை வரும். அதற்குக் கீழே உள்ள பொடி எழுத்தில் ஒரு புகை மூட்டம் என்கிறார். அடுத்த ஸ்கேன் தை மாதம்.